எட்டுப் பந்து

நூற்றி அறுபது டொலர். சதக் கணக்கு இல்லை. லாயோஷ் பாச்சி எங்களுக்குத் தரவேண்டியது அவ்வளவு.

போன கிழமை, என் மனைவி யோகராணி பிஸ்கட் தகரத்தை என் முன்னால் கவிழ்த்துக் காட்டிய இடத்தில் இந்தக் கதையை நிறுத்தியிருந்தேன். இருநூற்றி நாற்பது இருக்கவேண்டிய தகரத்தில் எண்பதுதான் கிடந்தது. கிரவீனில் நாங்கள் பார்த்து ஆசைப்பட்ட வீட்டுக்கு முற்பணமும் இரண்டு கிழமை வாடகையும் சேர்த்து இருநூற்றி நாற்பது. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முதல் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்கு என்று ஏஜென்ற் சொல்லிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை விடிந்துவிட்டது.

மிச்சக் காசு எங்கே என்று அவள் சொல்ல இரண்டு நாள் எடுத்தது. சீட்டுக்குப் போயிருக்கிறது.

சீட்டுக்காரி அவள்தான். பத்துப் பேர், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஆளுக்கு இருபது டொலர். முதற் சீட்டு வழக்கம்போல சீட்டுக்காரிக்கு. அது அப்படியே ஊருக்குப் போனது. இரண்டாவது குலுக்கலில் லாயோஷ் பாச்சியின் பெயர் விழுந்தது. ஹங்கேரிக்காரர். எங்கள் பிறிச் தொழிற்சாலையில், குளிர்ப்பெட்டிகளுக்குப் பதினாறு வருஷம் கதவு பொருத்தினவர். பாச்சி என்றால் அவர்கள் பாஷையில் மாமா மாதிரி. இருநூறு டொலரை வாங்கின அதே கிழமை, வயது அறுபத்தைந்து ஆகிவிட்டது என்று வேலையால் நின்று மெல்போர்னுக்கு ரயில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சதம் வரவில்லை.

யோகராணி மூச்சு விடவில்லை. எட்டுத் தடவை அவருடைய இருபதைத் தன் தகரத்திலிருந்து எடுத்துப் போட்டு, கடைசி ஆள் நாகேஸ்வரி வரைக்கும் சீட்டை ஓட்டி முடித்தாள்.

"சீட்டு உடைஞ்சா என்ர பேரெல்லோ உடையும்," என்றாள்.

அவரைச் சீட்டில் சேர்த்தது அவளுடைய தம்பி சிறிதரன். இருபத்தாறு வயது, எங்களோடு ஹரிஸ் பார்க்கில் இரண்டு அறையில் இருக்கிறான், என்னோடு ஒரே தொழிற்சாலை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கு மேசைப்பந்து ஆடினவன். சாப்பாட்டு நேரத்தில் கன்ரீனில் பாச்சியோடு ஆடித் தோற்றுத் தோற்றே சிநேகிதம் பிடித்தான்.

"சனிக்கிழமையில கிரான்வில் சேர்ச் மண்டபத்தில விளையாடுவாராம் அத்தான்," என்றான் காலையில், தேத்தண்ணியைக் குடியாமல் கையில் வைத்துக்கொண்டு. "போன கிழமைதான் திரும்பி வந்தவராம். போர்மன் சொன்னவன்."

"உன்ர பெரிய மனுசன் கோவிலுக்குள்ள ஒளிச்சிருக்கிறாரோ," என்றாள் யோகராணி குசினியிலிருந்து.

"அக்கா, அவர் ஏமாத்துற ஆள் இல்லை."

"நான் ஏமாத்தினவர் எண்டனானோ? தரேல்லை எண்டுதான் சொல்லுறன்."

அவள் எண்பது டொலரைக் கைப்பைக்குள் வைத்துக் கோட்டைப் போட்டாள். இப்போதே பென்டில் ஹில்லுக்குப் போய் ஏஜென்ற் கந்தோரில் இருக்கப்போகிறாளாம்.

"பன்னிரண்டு மணிக்குத்தானே," என்றேன்.

"ஒரு பொம்பிளை கண் முன்னால கதிரையில இருக்கேக்க வீட்டை இன்னொருத்தருக்குக் குடுக்க அவனுக்குக் கொஞ்சமாவது வெக்கம் வரும்." வாசலில் நின்று திரும்பினாள். "இஞ்சருங்கோ, வயசான மனுசன். சத்தம் போடாதேங்கோ." பிறகு, "வெறுங்கையோடயும் வராதேங்கோ."

கிரான்வில் ஒரு ஸ்ரேசன்தான். மண்டபத்துக்குள் போகும்போது சுவர் மணிக்கூடு ஒன்பதே கால் காட்டியது. நாலு மேசை போட்டிருந்தார்கள். மூன்றில் இளவட்டங்கள் துள்ளிக்கொண்டு நின்றார்கள். நாலாவது மேசையில் எங்கள் பாச்சி, மண்ணிறக் கம்பளிச் சட்டையோடு, பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார். எதிரே ஒரு லெபனான்காரப் பொடியன். அவன் அடிக்கிற அடிக்கு மேசை அதிர்ந்தது. பாச்சி அடிக்கவே இல்லை. மட்டையைச் சும்மா கொண்டுபோய்ப் பந்துக்குக் கீழே வைத்தார். பந்து போன வழியே திரும்பிப் போனது. அவன் அடித்தான், இவர் வைத்தார். கடைசியில் அவன் தானாகவே வலையில் அடித்துவிட்டு மட்டையைப் போட்டான்.

"என்னைப் பார்த்து விளையாடாதே," என்றார் பாச்சி அவனுக்கு. "எனக்கே சலிச்சுப்போன விளையாட்டு இது."

அப்போதுதான் எங்களைக் கண்டார். மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி வந்தார். என் முதுகு போன வருஷம் பிறிச் பெட்டி தூக்கிப் பிடித்தது. அவர் கட்டிப்பிடித்ததில் நெட்டி முறிந்து சுகமாகப் போய்விட்டது.

"தேவா. சிறி. உங்களைத்தான் தேடோணும் எண்டிருந்தனான். உன்ர மனுசிக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லோணும். அந்தப் பரிசு எனக்கு என்ன செய்தது தெரியுமோ?"

அவர் இங்கிலீசில் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். ஆனால் 'பரிசு' என்ற சொல்லில் சந்தேகமில்லை. சிறிதரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இருங்கோ, இருங்கோ," என்று நீள வாங்கில் இருத்திப் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றினார். கேட்க வந்த கேள்வி வாய்க்குள்ளே இருந்தது. கோப்பி தந்த மனுசனிடம் காசு கேட்கிறதுக்கு எங்கள் ஆட்களுக்கு வாய் வருமா?

அவர் தொடங்கினார்.

அவருடைய தகப்பன் புடாபெஸ்ட்டில் தையல்காரர். துணி வெட்டுகிற மேசையில்தான் பாச்சி பழகினது. பக்கத்துக் கட்டிலில் தகப்பன் படுத்திருப்பார். பந்து பலமாகச் சத்தம் போட்டால் எழும்பி அடிப்பார். அதனால் சத்தமில்லாமல் பந்தை வைக்கப் பழகினார். பிறகு அதுவே அவருடைய ஆட்டமாகிவிட்டது. அந்தக் காலத்து வலை உயரம். அடிக்கிறவன் களைப்பான், வைக்கிறவன் நிற்பான்.

"முப்பத்தோராம் ஆண்டு நகரச் சம்பியன் போட்டி. எனக்கு இருபத்திரண்டு வயசு. எதிரில மிக்லோஷ். அவனும் என்னைப் போலத்தான், அடிக்க மாட்டான். ஒரு பந்து தொடங்கினா நடுவர் ஒரு சுருட்டுக் குடிச்சு முடிப்பார். கடைசி ஆட்டம். நான் இருபது, அவன் பத்தொன்பது. அடுத்த பந்து அவன் எடுத்தான். இருபதுக்கு இருபது."

கையில் இருந்த பந்தை வாங்கின் விளிம்பில் தட்டினார். பிறகு பக்கப் பலகையில் தட்டினார்.

"கேட்டீங்களோ? மேல் விளிம்பில பட்டா ஒரு சத்தம். அது சரியான பந்து. பக்கப் பலகையில பட்டா இன்னொரு சத்தம். அது பிழை. என்ர பந்து பக்கத்தில பட்டது. நடுவர் சரி எண்டார். ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். நான் வாயைத் திறக்கேல்லை. அடுத்த பந்தை மிக்லோஷ் வலையில விட்டான். நான் சம்பியன்."

தங்க மணிக்கூடு கொடுத்தார்களாம். பேப்பரில் படம் வந்ததாம். வியன்னா, பிராக் என்று ஆறு வருஷம் ரயிலில் போய் ஆடினாராம். எங்கே கைதட்டினாலும் அவருக்குக் கேட்டது அந்தப் பக்கப் பலகைச் சத்தம்தான். பிறகு வலையின் உயரத்தைக் குறைத்தார்கள், ஆட்டத்துக்கு நேரம் வைத்தார்கள். "என்ர விளையாட்டைச் சட்டம் போட்டு நிப்பாட்டினாங்கள்," என்று சிரித்தார். பிறகு யுத்தம். ஐம்பத்தாறில் மணிக்கூட்டைக் காலுறைக்குள் வைத்து எல்லை கடந்து, கப்பலேறி, எங்கள் தொழிற்சாலைக் கதவுக்கு வந்து சேர்ந்தார்.

"மிக்லோஷ் மெல்போர்னில கேக் கடை வைச்சிருக்கிறான் எண்டு ரண்டு வருஷத்துக்கு முந்தித்தான் கேள்விப்பட்டன். போகக் காசும் இல்லை, துணிவும் இல்லை. அப்பதான் உங்கட தகரத்தில என்ர பேர் விழுந்தது. போ எண்டு கடவுள் சொன்ன மாதிரி."

மணிக்கூடு பத்தைத் தாண்டியது. யோகராணி கதிரையில் நிமிர்ந்து இருக்கிற இருப்பு என் கண்ணில் நின்றது.

"போய் மணிக்கூட்டை அவன்ர கல்லாவில வைச்சு, இது உன்ர, அந்தப் பந்து பக்கத்தில பட்டது எண்டன். அவன் மாவுக் கையோட என்னையே பார்த்தான். பார்த்திட்டு என்ன சொன்னான் தெரியுமோ? 'எனக்குத் தெரியும்' எண்டான்."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தவர்?" என்று கேட்டான் சிறிதரன்.

"அதைத்தான் நானும் கேட்டன். அதுக்கு முந்தின பந்து, இருபதுக்கு இருபது ஆக்கின பந்து, அதை எடுக்கேக்க அவன்ர இடக்கை மேசையில பட்டிட்டுதாம். கை மேசையில பட்டா அந்தப் பந்து எதிராளிக்கு. நடுவரும் காணேல்லை, நானும் காணேல்லை. அவன் சொல்லியிருந்தா நான் அந்த இடத்திலேயே இருபத்தொண்டு பத்தொன்பது எண்டு வெண்டிருப்பன். நாப்பத்து மூண்டு வருஷம் நான் ஒரு பந்துக்குக் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். அவன் தான் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டு அங்க கேக் சுட்டிருக்கிறான்."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை. மிக்லோஷ் மணிக்கூட்டை வாங்கவில்லையாம், ஆளையும் விடவில்லையாம், நாலு மாதம் வைத்துச் சாப்பாடு போட்டு, கடையில் மாக் குழைக்கவும் விட்டானாம்.

"தேவா, அறுபத்தைஞ்சு வயசில முதல் முறையா ஆருக்கும் ஒண்டும் குடுக்க இல்லாத மனுசனா ரயிலால இறங்கினனான்."

சிறிதரன் சப்பாத்து நுனியைப் பார்த்தான். அந்த மனுசனுக்கு அந்தச் சந்தோஷம் இன்னும் ஒரு கிழமையாவது இருக்கட்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் கதிரையில் இருக்கிறவள் என் மனைவி. எட்டுத் தடவை வாய் திறக்காமல் போட்டவள்.

பக்கத்தில் பந்துப் பெட்டி இருந்தது. வாங்கில் வைத்துப் பத்துப் பந்தை எடுத்தேன்.

"பாச்சி, இது சீட்டு. பத்துப் பேர். ஆளுக்கு ஒரு பந்து போடுகினம். பேர் விழுந்த ஆள் பத்தையும் எடுக்கிறார். ரண்டு கிழமை கழிச்சுத் திரும்ப எல்லாரும் ஒவ்வொரு பந்து போடோணும். எடுத்தவரும் போடோணும். பத்துப் பேரும் எடுத்து முடியும் வரைக்கும்."

அவர் பந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"அப்ப அது பரிசு இல்லை."

"இல்லை பாச்சி."

"நான் பத்துப் பந்து எடுத்திட்டன். ரண்டுதான் போட்டனான்."

"ஓம்."

"எட்டுப் பந்து." முகம் கழுத்துவரை சிவந்தது. "அந்த எட்டையும் ஆர் போட்டது?"

"என்ர மனுசி."

அவர் மட்டையை வாங்கில் வைத்தார். சிறிதரன் பக்கம் திரும்பினார்.

"நீ எனக்குச் சொல்லேல்லை."

"சீட்டு எண்டா எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சிட்டன் பாச்சி," என்றான் அவன்.

"பேர் விழுந்தண்டைக்கு உன்ர அக்கா எனக்குப் பாயாசம் தந்தவ. எல்லாரும் கைதட்டினீங்கள். ஹங்கேரியில கடன் குடுக்கேக்க ஆரும் கைதட்டுறேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார், ஆனால் எழும்பிக்கொண்டே சிரித்தார். ஏஜென்ற், பன்னிரண்டு மணி என்று நான் சொன்னதும் கம்பளிச் சட்டைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். அவருடைய அறை தெருமுனையில்தான். சுருட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து படியில் வைத்து எண்ணினார். பரிசில் மிச்சமும் பென்சன் காசும். நூற்றி முப்பத்தொன்று.

"சனிக்கிழமை பாங்க் இல்லை," என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்து நீட்டினார்.

"அதைப் பைக்குள்ள வைக்கிறியளோ இல்லையோ," என்று கத்திவிட்டேன். யோகராணி சத்தம் போடவேண்டாம் என்றது நினைவு வந்தது. "வையுங்கோ பாச்சி. அது நீங்கள் வெண்டது."

இருபத்தொன்பது குறைகிறது. மூன்று பேரும் படியில் நின்றோம். சிறிதரன்தான் வாயைத் திறந்தான்.

"பரமட்டாவில ஒரு கடையில மட்டையும் சப்பாத்தும் லே-பையில போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிக்கொண்டு வாறன் அத்தான். இருபத்தொன்பது கட்டியிருக்கு. வேண்டாம் எண்டாத் திருப்பித் தருவாங்கள்."

"என்ன மட்டை?" என்றார் பாச்சி.

"ஜப்பான் மட்டை. பஞ்சு வைச்சது."

"நல்ல காலம், இன்னும் எடுக்கேல்லை. பஞ்சு மட்டையில பந்து பட்டா ஒரு சத்தமும் கேக்காது. அடிச்சானோ, வைச்சானோ எண்டு ஒருத்தனுக்கும் தெரியாது."

கடையில் எங்களுக்கு முன் ஏழு பேர் வரிசையில். கல்லாவில் நின்ற பெண், வேண்டாம் என்று நிப்பாட்டினால் ஒரு டொலர் கழிப்போம் என்றாள். சிறிதரன் வாதாட வாயெடுத்தான். நான் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருபத்தெட்டை வாங்கிக்கொண்டு ஓடினோம். ஓடினது நானும் அவனும். பாச்சி எங்களுக்கு முதலே பிளாற்போமில் நின்றார்.

ரயிலில் அவர் சொன்னார், "வியாழக்கிழமை பென்சன் வரும். உன்ர இருபத்தொன்பதைத் தருவன் சிறி."

"வேண்டாம் பாச்சி. நான்தான் சொல்லாமல் விட்டது." அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "என்ர கைதான் மேசையில பட்டது."

பாச்சி அவனுடைய தொடையில் ஒருக்கால் தட்டினார். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. வெண்ட்வேர்த்வில் தாண்டினதும் மூன்று பேரும் கதவடிக்குப் போய் நின்றோம்.

கந்தோருக்குள் போகும்போது பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம். யோகராணி நான் நினைத்த மாதிரியே, கைப்பையை மடியில் வைத்து, கோட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டி, நிமிர்ந்து இருந்தாள். பின்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றுகொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார்கள். ஏஜென்ற் அவள் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரிய பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

அவள் முதலில் பாச்சியைப் பார்த்தாள். பிறகு என் கையை. காசை வாங்கித் தன் எண்பதோடு சேர்த்து இரண்டு தரம் எண்ணினாள்.

"ஒரு டொலர் குறையுது," என்றாள் தமிழில், ஏஜென்ற்றுக்கு விளங்காமல்.

என் பையில் ஒன்றுமில்லை. சிறிதரனிடம் பதினாலு சதம். பாச்சியின் கை மறுபடி மணிக்கூட்டுப் பக்கம் போனது. யோகராணி கண்ணாலேயே அதை நிறுத்தினாள். கைப்பையின் உள்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு டொலரை எடுத்தாள். நாங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகிற ரயில் காசு அது.

ஏஜென்ற் எண்ணினான். ரசீது எழுதினான். வீட்டுத் திறப்பு இரண்டைத் தந்தான். பின்னால் நின்ற பெண்சாதி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்த மனுசனுக்காக எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

ரயிலுக்குக் காசில்லை, திறப்பு கையில் இருந்தது; புது வீட்டையாவது பார்ப்போம் என்று கிளம்பினோம். நடந்தோம். வழி முழுக்க பாச்சி யோகராணியோடு கதைத்துக்கொண்டு வந்தார். தகப்பனின் தையல் மேசை, நடுவரின் சுருட்டு, மிக்லோஷின் மாவுக் கை எல்லாம். அவளுக்கு இங்கிலீஸ் என்னைவிட நல்லாக வரும். ஒரு சந்தியில் தெரு கடக்க மறந்து நின்று, "அப்ப நீங்கள் முதலே வெண்டிட்டியள்," என்றாள்.

"ஓம். எனக்குத்தான் தெரியாது."

வீடு சின்னது. மூன்று அறை, குசினி, பின்னால் ஒரு கராஜ். யோகராணி குசினிக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சுவரில் முதுகைச் சாய்த்தேன். சுவர் குளிராக, நல்லாக இருந்தது.

பின்பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பாச்சி கராஜுக்குள் அடி வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"மேசைக்கு ஒன்பது அடி," என்றார் தனக்குள். "பின்னால நிக்க ஆறு, ஆறு. மிக்லோஷ் பின்னால கன தூரம் போகமாட்டான், முழங்கால் நோ." எங்களைக் கண்டு நின்றார். "நத்தார்ப் பண்டிகைக்கு மிக்லோஷ் வாறான். பழைய மட்டையோட இன்னொருக்கால் விளையாடோணுமாம். இடந்தான் இல்லை."

"கராஜில நான் தையல் மெசின் போடப்போறன்," என்றாள் யோகராணி. "நாகேஸ்வரிக்கும் சொல்லிப்போட்டன். அவவும் தன்ரயைக் கொண்டாறா."

"தையல் மெசினோ," என்றார் பாச்சி. முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப துணி வெட்ட ஒரு பெரிய மேசை வேணுமெல்லோ."

சிறிதரன் சிரிக்காமல் இருக்க வெளியே போய்விட்டான். யோகராணி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நத்தாருக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது.

குசினிப் படியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சீட்டுக் கொப்பியை எடுத்தாள். அவருடைய பெயருக்கு நேரே எட்டு வெற்றுக் கட்டம். ஒவ்வொன்றாகப் புள்ளடி போட்டாள்.

"அந்த ஒரு டொலர்?" என்று கேட்டார் பாச்சி, குனிந்து பார்த்துக்கொண்டு. "அது இன்னும் நான் தரோணும்."

"ரயில் காசு இருந்திருந்தா ஸ்ரேசனுக்குப் போயிருப்பம். நடந்ததாலதானே முழுக் கதையும் கேட்டனான்," என்றாள் அவள். "அது அதுக்குச் சரி."

பெயருக்கு மேலே குறுக்காக ஒரு கோடு இழுத்துப் பேனையை மூடினாள்.